கூரை வேயாத உப்புக்குத் தவணை

நன்மை பெருகுக. கழி வற்றாமலும் கடல் மீறாமலும் காத்தருளும் நெடுங்கழி நாட்டுக் கோமகள், வெண்சங்குக் கொடியுடைய பூதலமாதேவியாரின் ஆட்சியாண்டு ஒன்பதில், இறையமைச்சர் வேளான் பொதுவனார் மொழிந்தபடி அரண்மனை ஓலைநாயகம் எழுதியது. மணற்பாக்கத்து உப்புவரித் தண்டலார் கூத்தன் மழநாடனார், சுற்றமும் களஞ்சியமும் சூழ இனிது வாழ்ந்து, இதனைக் கண்டுகொள்க.

இவ்வோலையைத் தங்கள் கையில் தந்து எதிரே நிற்பவன், தங்கள் ஊர்க் கணக்கன் ஏறன் சாத்தன். உப்பளம் உடைய காடன் நங்கைக்குக் கணக்கெழுதிப் பிழைப்பவன். அவள் பொருட்டு வரிக்குத் தவணை வேண்டி, இரண்டு நாள் நடந்து தலைநகர் வந்தான். வந்தவன் அவைவாயிலில் உள்ள கல்லைக் கண்டான். பொய்க்கணக்கு எழுதியவரின் எழுத்தாணியை அக்கல்லின்மேல் வைத்து முறிப்பதும், முறிபட்டவன் பின்பு இந்நாட்டில் ஓலை தொடக் கூடாதென்பதும் தாங்கள் அறிந்ததே. கண்டது முதல் இடுப்பில் செருகிய எழுத்தாணி இருக்கிறதா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். காவலர் இரங்கித் தந்த மோரில் பாதியை மார்பிலே சிந்தினான்.

அவையில் அவன் விண்ணப்பித்தது இது: வைகாசியில் பருவம் தப்பிப் பெய்த மழையில் நங்கையின் முந்நூற்று அறுபது கலம் உப்பும் கரைந்து போயிற்று, ஆறில் ஒரு பங்கான அறுபது கலம் வரியை ஆனிப் பௌர்ணமியன்று ஒருசேரச் செலுத்த அவளால் இயலாது, செலுத்தாவிடில் அளம் அரசுக்குப் போய்விடும், ஆகவே நான்கு தவணை அருள வேண்டும்.

இறையமைச்சர் கடுகடுக்கவில்லை. குவித்த உப்பின்மேல் பனையோலைக் கூரை வேய்ந்த பின்னரே அது வரிக்கணக்கில் ஏறும் என்பது நாட்டு முறையாயிற்றே, வேய்ந்த குவியல் ஒரு மழையில் எப்படிக் கரைந்தது என்று மட்டும் வினவினார்.

ஏறனுக்குப் பாதி உயிர் போயிற்று. கூரை காற்றில் பறந்தது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தப்பியிருப்பான். அவ்வாறே சொல்லும்படி நங்கையும் அவனைக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். அளம் போனால் வேறோர் அளத்தில் உப்பு வாரிப் பிழைப்பேன், எழுத்தாணி போனால் உனக்கு வேறு என்ன தொழில் தெரியும் என்றாளாம். அதை நினைத்தானோ என்னவோ, நின்றபடியே அழுதுவிட்டான். கூரை வேயவே இல்லை என்றும், அளத்துக்கு இன்னொரு முறை வெயிலில் நடக்கச் சோம்பி, இரண்டு நாள் முன்னமே வேய்ந்ததாக எழுதியவன் தானே என்றும், மறுநாளே மழை வந்தது என்றும் ஒப்புக்கொண்டான்.

அக்கணக்கின் கீழ், கூரையை நேரில் கண்டோம் என்று தங்கள் இலச்சினை பதிந்திருந்தது. இறையமைச்சர் அதைக் காட்டி, இது எப்படி வந்தது என்றார். அதுவரை அஞ்சியது ஓர் அச்சமே இல்லை என்னும்படி அப்போது ஏறன் அஞ்சினான். தண்டலாரைத் தானே ஏமாற்றி இடுவித்ததாகவும், அவர்மேல் குற்றம் இல்லையென்றும், இதை மட்டும் அவருக்கு எழுத வேண்டாமென்றும், தான் திரும்பிச் சென்று அவர் எல்லையில்தான் வாழ வேண்டுமென்றும் தரையில் விழுந்து இரந்தான். வாயிற்கல்லைவிட அவன் தங்களுக்கே அஞ்சுவதை அவை முழுதும் கண்டது.

இலச்சினை இட்ட நாள் வைகாசி பன்னிரண்டு. அன்று கோமகளாரின் பிறந்தநாள் பெருமங்கல விருந்தில், இறையமைச்சருக்கு மூன்றாம் இலையில் அமர்ந்து, பாற்சோறு இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தாங்கள் உண்டதை அவர் மறக்கவில்லை. மணற்பாக்கம் இங்கிருந்து இரண்டு நாள் வழி. இலச்சினையை யாரிடம் விட்டு வந்தீர்கள் என்பதை இப்போது அவர் கேட்கவில்லை.

ஆகவே ஆணை. எழுதி இலச்சினையிட்ட உப்பு கோட்டைப் படைக்கு முன்னமே ஒதுக்கப்பட்டதால், அறுபது கலமும் வந்தாக வேண்டும். தவணைக்குப் பதினைந்து கலமாக, ஆனியிலும் ஆடியிலும் நங்கை தருக. ஆவணித் தவணை ஏறனின் ஆண்டுக்கூலியிலிருந்தும், புரட்டாசித் தவணை தங்கள் ஊதியத்திலிருந்தும் வருக. அளத்தை யாரும் தொடற்க. ஏறனின் எழுத்தாணி அவனிடமே இருக்க. நான்கு தவணை ஓலையும் அவன் கையெழுத்திலேயே இங்கு வந்து சேர்க. ஒன்றில் எழுத்து மாறியிருப்பினும், வாயிற்கல்லில் முறிபடுவது தங்கள் இலச்சினையாக இருக்கும்.

அவனை வெளியே நிறுத்திய பின்னர் பிறந்த ஆணை ஆதலால், இதில் உள்ளது இன்னும் அவனுக்குத் தெரியாது. தன் எழுத்தாணியை முறிக்கச் சொல்லும் ஓலையைத் தானே சுமந்து செல்வதாக எண்ணியே வழியெல்லாம் நடந்திருப்பான். இப்போதும் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அவனை அமரச் செய்து, குடிக்க நீர் கொடுத்து, இவ்வளவு நேரம் வாய்க்குள் படித்ததை முதல் எழுத்திலிருந்து அவன் கேட்க உரக்கப் படிக்க. இது கோமகள் கட்டளை. சங்கு முத்திரை வைத்தது.