றிவோல்வரா பிஸ்டலா என்று மகள் கேட்டாள்

மார்ச் 3, திங்கள்
ஆலங்கட்டி மழை. யன்னல் தொழிற்சாலைக்குச் சைக்கிளில் போய்ச் சேருமுன் காற்சட்டை தொப்பல். பிற்பகல் இடைவேளையில் ரெக்சாஸில் இருந்து மகள் தர்சினி போனில். விவாகரத்தான புருஷன் மறுபடி அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக் கார் தரிப்பிடத்தில் நிற்கிறானாம். கிட்டப் போகக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லியும்.

"அப்பா, ஒண்டு வாங்கப் போறன். றிவோல்வரா, பிஸ்டலா? கைப்பையுக்கை மறைச்சு வைக்கவேணும்."

பொலிசுக்குச் சொல் என்றேன்.

"அவை வந்து சேரேக்கை எல்லாம் முடிஞ்சிடும் அப்பா."

இங்கே டென்மார்க்கில், ரண்டர்ஸில் மடக்குக்கத்தியோடு திரிந்தாலே விசாரணை. பிள்ளைக்குச் சைக்கிளே பிழையாகத் தெரிவுசெய்து வாங்கிக் கொடுத்தவன் நான். என்னிடம் கேட்கிறாள்.

மார்ச் 4, செவ்வாய்
வெயில், ஆனால் கடுங்குளிர். கூட வேலை செய்யும் யென்ஸ் துப்பாக்கிக் கழகத்தில் குறிபார்த்துச் சுட்டுப் பழகுகிறவன். மெல்ல விசாரித்தேன். விழுந்து விழுந்து சிரித்தான். "உனக்கா சிவா? ஸ்குரூ டிரைவரையே தலைகீழாகப் பிடிக்கிற ஆள் நீ!" மகளுக்கு என்றதும் சிரிப்பு நின்றது.

அவன் சொன்னது:
றிவோல்வர்: ஐந்து குண்டு. குண்டு சிக்குவது குறைவு. உருளை புடைத்துத் தெரியும். விசை கனம்.
பிஸ்டல்: தட்டை, மறைக்கச் சுகம். குண்டும் அதிகம். மேற்பகுதியைப் பின்னுக்கு இழுக்கப் பலம் வேண்டும். சிக்கவும் கூடும்.

ஜாம் போத்தல் மூடி திறக்கவே என்னிடம் வந்தவள். ஆகவே றிவோல்வர். ஆனால் விசை கனம். ஆகவே பிஸ்டல். சோறு இறங்கவில்லை. மனிசி ராணி: "என்னப்பா, கறி உறைப்போ?" ஓம் என்றேன்.

மார்ச் 6, வியாழன்
மழை. ராணிக்குச் சொல்லிவிட்டேன். இருவருமாகத் தர்சினிக்குப் போன் எடுத்தோம். அழுதால் அவளுக்கு டேனிஷ்தான் வரும். திரும்பத் திரும்ப ஒரு சொல்: ட்ரிக். அமத்துவது என்று விளங்கிக்கொண்டேன். விசையை எப்படி அமத்துவது, எந்த விரல், கனமென்றாலும் றிவோல்வரே நல்லது, பழகினால் சரி, என்று பெரிய வாத்தியார் மாதிரி விளாசினேன். "ஓகே அப்பா" என்று வைத்துவிட்டாள்.

ராணி: "விசரே உங்களுக்கு? பயமில்லாமல் இருக்கவேணும் எண்டெல்லே பிள்ளை அழுதது!"

பயமில்லாமல் என்பதும் டேனிஷில் ட்ரிக்தானாம். அதில் கடைசி எழுத்து மெல்லிசு, அமத்துவதில் வல்லிசு. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே க். இத்தனை வருடம் இந்த நாட்டில் நான் படித்த டேனிஷ் இவ்வளவுதான். திருப்பி எடுத்தேன். அவள் தூக்கவில்லை.

மார்ச் 8, சனி
வானம் மப்பு. இன்று போனைத் தூக்கினாள். "றிவோல்வர் வாங்கிட்டன். நீங்கள் சொன்னதுதான்."

ராணிக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன்; மகள் தொடர்ந்தாள்.

"நேற்று அவன் கிட்ட வந்தவன் அப்பா. என்ரை கை பையுக்கைதான் இருந்தது."

"பிறகு?"

"ஆக்கள் வர, போயிட்டான்."

"வீட்டை வா பிள்ளை."

"வேலையை விட்டிட்டோ?"

"அப்ப நான் வாறன்."

"நீங்கள் வந்து என்ன செய்யப்போறியள்?"

செவ்வாய் விமானம். ராணி பெட்டிக்குள் மிளகாய்த்தூள் அடுக்குகிறாள். தர்சினியை வேலைக்குக் கொண்டுபோய் விடுவேன், கூட்டிவருவேன். மற்ற நேரம் அந்தக் கார் தரிப்பிடத்தில் நிற்பேன். அவன் வந்தால் ஏச எனக்கு இங்கிலீஷும் வராது. அவனுக்கும் அவளுக்கும் நடுவில் நிற்கலாம். அவள் கையைப் பைக்குள் இருந்து வெளியே எடுத்தால் போதும்.