அக்காவின் ஆட்சேபனை

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். போன் பண்ணினால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதே, அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் துறையின் சட்ட வரைவைப் படித்தேன். மனத்தை மயக்கும் சத்து இயற்கையாகவே உள்ள எந்தச் செடியையும் யாரும் வளர்க்கக் கூடாதாம், மீறினால் சிறையாம். என் நர்சரியில் மணி மணியாகத் தொங்குமே மஞ்சள் ஊமத்தை, அது போச்சு. வேலியில் ஏறும் நீலப்பூக் கொடியின் விதையிலும் அந்தச் சத்து உண்டாம், அதுவும் போச்சு. சரி, சாக்கடையோரம் தானாக முளைக்கும் ஊமத்தையை யார் பிடித்து உள்ளே போடுவார்கள்?

போதைக்காக ஊமத்தை விதையைத் தின்று ஒரு கல்லூரிப் பையன் செத்தானே, அதனால்தான் இந்தச் சட்டம் என்று தெரியும்; எனக்கும் வேதனைதான். போதைக்கென்று விதை விற்றவனைப் பிடிக்கட்டும். பூவுக்காக வளர்ப்பவள் என்ன செய்தாள்? வரைவைப் பற்றி உங்கள் துறை நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். அந்தச் சாக்கில் உன்னையும் பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

கோபித்துக்கொள்ளாதே. நீ வராமல் இருந்தால் நல்லது. அந்த வரைவை எழுதியதே என் பிரிவுதான். எனக்குப் பதவி உயர்வு வரும் நேரம். என் கூடப் பிறந்தவளே அந்தச் செடிகளை விற்கிறாள் என்று தெரிந்தால் என் கதி என்ன?

வந்தே தீருவேன் என்றால், என்னைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே. கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

உன் தம்பி

மார்ச் 27

அக்கா,

நீ வீட்டுக்கு வரவில்லை. உன் தம்பி பெண்டாட்டி சமைத்து வைத்துக் காத்திருந்தாள். ஏன் வரவில்லை என்று கேட்டாள்.

நீ மஞ்சள் ஊமத்தைத் தொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு மைக் முன்னால் நின்றாய். "ஏம்மா, வரும்போது அதுல ரெண்டு இலை மென்னுட்டு வந்தீங்களா?" என்றார் எங்கள் துறைத் தலைவர். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன் அக்கா. அவருக்குத் தெரியும்படி சிரித்தேன்.

நீ அசரவில்லை. "இதுல இருக்கிற சத்தைத்தான் கண் டாக்டர் சொட்டு மருந்தா விடறார். உங்க காபியிலகூட மனசைக் கிளப்பற சத்து இருக்கு" என்றாய்.

"காபிக்கு விலக்குக் குடுத்திருக்கோம்மா."

"அது நீங்க குடிக்கிறது. அதான் குடுத்திருக்கீங்க."

அந்தக் கடுப்பில்தான் அவர் கேட்டார்: "இவ்ளோ விவரமாப் பேசறீங்களே, யார் சொல்லிக் குடுத்தாங்க? இங்க யாரையாவது தெரியுமா?"

நீ மேடையில் இருந்த எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாய். உன் பார்வை என்னிடம் வந்து கொஞ்சம் நின்றது. பிறகு, "யாரையும் தெரியாதுங்க" என்றாய்.

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாய். கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது. 'அது என் அக்கா' என்று எழுந்து சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? உட்கார்ந்தே இருந்தேன். மன்னித்துவிடு.

உன் தம்பி

ஏப்ரல் 5

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் உன்னைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லாத பெருமை எனக்கு வேண்டாம்.

நீ கேட்டபடி தெரியாதவள் மாதிரி இருக்கத்தான் வந்தேன். ஆனால் நீ சிரித்துவிட்டாய். அதன் பிறகு அவர் கேட்டபோது, இவன் என் தம்பி என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் தெரியாது என்றேன்.

வழி நெடுக பஸ்ஸில் அதே நினைப்பு. கூடப் பிறந்தவனை நினைத்து வெட்கப்பட்டேனே என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன். பக்கத்து சீட்டுப் பெண் "பூ அழகா இருக்கே" என்றாள். "விஷச் செடிம்மா, குழந்தைங்க வாயில வெக்காமப் பாத்துக்கோ" என்று சொல்லி, தொட்டியை அவளுக்கே கொடுத்துவிட்டேன். சட்டம் இவ்வளவு சொன்னால் போதாதா?

எழுத்தில் ஆட்சேபனை கொடுக்க இன்னும் அவகாசம் இருக்கிறது. நான் கொடுக்கிறேன். எனக்காக நீ ஒன்றும் செய்ய வேண்டாம். அந்த வரைவு சரி என்று நினைத்தால் தைரியமாக நினை, என்னோடு வாதாடு, கேட்கிறேன். தப்பு என்று நினைத்தால் உன் ஆபீஸில் சொல். அங்கே வாயைத் திறக்காமல் இங்கே எனக்கு மன்னிப்பு எழுதாதே. படிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

இரண்டில் ஒன்று செய்த பிறகு எழுது.

அக்கா