கேட்காமல் வாங்கிய கேமரா

மார்ச் 3

அன்புள்ள ஆபீசருக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது எதிர்க்கட்சியாகிவிடுகிறது. உங்கள் சர்க்கரை அளவை உள்ளபடி எழுதுங்கள். நம் மகளிடம் சொல்லும் கணக்கு எனக்கு வேண்டாம்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் இரண்டு முடிவு எடுத்துவிடுகிறீர்கள். காகிதத்தில், நான் முற்றுப்புள்ளி வைக்கும்வரை காத்திருந்துதான் ஆக வேண்டும்.

செய்தி இதுதான். குழந்தைகளுக்கான பூச்சிப் புத்தகம் ஒன்று வரப்போகிறது. எழுத்தும் படமும் என்னுடையதாகவே இருக்கட்டும் என்கிறார் பதிப்பாசிரியர் அம்மா. பள்ளியில் கரும்பலகையில் வெட்டுக்கிளி வரைந்தே ஓய்வு பெற்றவளுக்கு இப்படி ஒரு வாய்ப்பு! ஆனால் ஏப்ரல் கடைசிக்குள் பத்து மாதிரிப் படங்கள் அனுப்ப வேண்டும். தேறினால் புத்தகம் எனக்கு, இல்லையென்றால் வேறொருவருக்கு. என் போனில் எடுத்ததைக் காட்டினேன். "டீச்சர், எறும்புக்குக் கால் இருக்குன்னு நீங்க சொன்னாத்தான் தெரியுது" என்றார்.

ஆகவே கேமரா வாங்கப் போகிறேன். என் மூன்று மாதப் பென்ஷன்தான் பட்ஜெட். பாடி, லென்ஸ், மெமரி கார்டு, மாற்று பேட்டரி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நடுத்தர ரகத்தில் எதைப் பார்க்கலாம் என்று உங்கள் கருத்தை எழுதுங்கள். கருத்து மட்டும். பக்கத்து பெஞ்சுக்காரன் விடையைச் சொல்லிவிட்டால் மதிப்பெண் வரும், கணக்கு வராது.

அன்புடன்,
டீச்சர்


மார்ச் 9

அன்புள்ள டீச்சருக்கு,

சர்க்கரை கொஞ்சம் கூடத்தான். போதுமா?

அலுவலகத்தில் குண்டூசி வாங்கக்கூட மூன்று கடையில் விலைப்புள்ளி கேட்டவன் நான். கொள்முதல் பிரிவில் இருந்தவனிடமே கேமரா பற்றிக் கேட்டுவிட்டாய். நான்கு நாள் அலைந்து மூன்று விலைப்புள்ளி வாங்கிவிட்டேன். முடிவு: ஃபுல் ஃப்ரேம் கேமரா (படம் பதியும் சென்சார் பெரியது), புத்தம் புதியது. தூரத்துக்கு ஒரு லென்ஸ், கிட்டத்துக்கு ஒரு லென்ஸ். யானை மிதித்தாலும் நசுங்காத பெட்டி ஒன்று.

பழைய சாமான் வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடு. யார் கையிலிருந்து எத்தனை தடவை விழுந்ததோ! மூன்று மாதப் பென்ஷன் போதாது; மிச்சத்தை நான் போடுகிறேன். நமக்குள் என்ன கணக்கு?

ஒன்பதாவது மாடியில் உன் அறை அப்படியே இருக்கிறது. இங்கே பூச்சியே வராது என்று நீ சொன்னது உண்மைதான். போன வாரம் ஒரே ஒரு பல்லி வந்தது. அதுவும் லிஃப்டில்தான் வந்திருக்கும்.

அன்புடன்,
ஆபீசர்


மார்ச் 16

அன்புள்ள ஆபீசருக்கு,

நான்கு நாள் அலைந்தீர்களே, அந்த மனசுக்கு நன்றி. வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு போனீர்களா?

நானும் ஒரு கடைக்குப் போனேன். பழைய கேமராக்களைச் சுத்தம் செய்து விற்கும் சின்னக் கடை. நடத்துவது ஒரு பெண்.

"யாருக்கும்மா, பேரனுக்கா?"

"எனக்குத்தான்."

"சார் வரலையா?"

"சார் வந்தா நீங்க என்கிட்ட பேசவே மாட்டீங்க."

அவள் சிரித்துவிட்டு எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டாள். அதன் பிறகு இரண்டு மணி நேரம் பூச்சியைப் பற்றித்தான் பேச்சு.

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். பாடி என்பது பள்ளிக் கட்டடம் மாதிரி. லென்ஸ்தான் வாத்தியார். கட்டடம் சுமாராக இருந்தாலும் வாத்தியார் நன்றாக இருந்தால் பிள்ளை தேறிவிடும். அதனால் பாடி, சின்ன சென்சார் உள்ள போன தலைமுறை மாடல், ஒருவர் வைத்திருந்தது. மிச்சம் பிடித்த பணம், பூச்சியைப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸுக்கு. பெரிய சென்சார் மலையையும் கூட்டத்தையும் எடுப்பவர்களுக்கு நல்லதுதான். ஆனால் அதே லென்ஸை அதே தூரத்தில் வைத்தால், சின்ன சென்சாரில்தான் எறும்பு படத்தை நிறைத்துக்கொண்டு நிற்கிறது. பின்பக்கத் திரையை வெளியே மடக்கிப் பார்க்கலாம் என்பதால் நான் தரையில் குப்புறப் படுக்க வேண்டியதில்லை. முழங்காலிடம் கேட்டேன், அதுவும் ஒப்புக்கொண்டது.

கார்டில் மட்டும் மலிவாகப் பார்த்தேன். "கார்டுல கஞ்சத்தனம் பண்ணாதீங்கம்மா. பாடி கெட்டா பணம்தான் போகும். கார்டு கெட்டா எடுத்த படமே போயிடும்" என்றாள். சரி என்றேன்.

சனிக்கிழமைவரை எனக்காக எடுத்து வைத்திருப்பாள். நீங்கள் எதையும் வாங்க வேண்டாம். இந்த வரியை இரண்டு தடவை படியுங்கள்.

அன்புடன்,
டீச்சர்


மார்ச் 20

அன்புள்ள டீச்சருக்கு,

இரண்டு தடவை படித்தேன். நீ சொல்வதெல்லாம் சரி. ஆனால் நான் பார்த்து வைத்த கேமராவுக்குச் சலுகை நேற்றோடு முடிந்தது. இதைவிட நல்ல விலை வராது என்பதால் வாங்கி அனுப்பிவிட்டேன். கோபப்படாதே. பிரித்துப் பார், கோபம் போய்விடும்.

ஆபீசர்


மார்ச் 25

அன்புள்ள ஆபீசருக்கு,

பெட்டி வந்தது. பிரிக்கவில்லை. ஒட்டிய காகிதம் கிழியாமல் அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கோபத்தில் எழுதவில்லை. கோபமென்றால் போனில் கூப்பிட்டிருப்பேன்.

உங்களுக்கு மோசமான சாமான் வாங்கத் தெரியாது. அதுதான் என் கஷ்டம். நீங்கள் வாங்கித் தந்த ஸ்கூட்டர் நல்ல ஸ்கூட்டர். மூக்குக்கண்ணாடி ஃப்ரேம்கூட நல்ல ஃப்ரேம்தான். ஒன்பதாவது மாடி வீட்டில் காற்று, தண்ணீர், வெளிச்சம் எதற்கும் குறைவில்லை. ஆனால் அதன் சாவியை என் கையில் கொடுத்த அன்றுதான் நம் தோட்டத்து வீடு விற்றுப்போனது எனக்குத் தெரியும். புருஷன் குடித்தான், அடித்தான் என்றால் நாலு பேர் வந்து கேட்பார்கள். நல்ல வீடு வாங்கிக் கொடுத்துவிட்டான் என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது? அதனால்தான் ஒன்றும் சொல்லாமல், குளத்துக்குப் பக்கத்தில் இந்த வாடகை மாடி அறைக்கு வந்தேன். இப்போது சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை நானே போய் வாங்கினேன். பாடி, லென்ஸ், கார்டு, பேட்டரி எல்லாம் பட்ஜெட்டுக்குள். கொஞ்சம் மிஞ்சியது, அதில் கேமராவை நிறுத்த மூன்று கால் ட்ரைபாட் ஒன்று. அது தப்பு. காலை எவ்வளவு விரித்தாலும் என் இடுப்புக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. பூச்சிகளோ கணுக்கால் உயரத்தில் குடியிருக்கின்றன. கடைக்காரப் பெண் சொல்லத்தான் செய்தாள்; நான்தான் கேட்கவில்லை. இப்போது ஒரு துணிப்பையில் காராமணியை நிரப்பித் தரையில் போட்டு, அதன்மேல் கேமராவை வைத்து எடுக்கிறேன். ஆடாமல் நிற்கிறது. ட்ரைபாட் மூலையில் நிற்கிறது. அதைப் பார்த்தாலே சந்தோஷமாக இருக்கிறது. நானே பார்த்து, நானே காசு கொடுத்து, நானே ஏமாந்த முதல் சாமான்!

இனி எதையும் என்னிடம் கேட்டுச் செய்ய முடியும் என்றால் எழுதுங்கள். முடியாது என்றால் எழுத வேண்டாம். மாத்திரையை மட்டும் வேளைக்குப் போடுங்கள்.

டீச்சர்


ஏப்ரல் 20

அன்புள்ள டீச்சருக்கு,

பலமுறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் நான் வாங்கிய வீட்டின் நல்ல குணங்கள் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டன.

கேமராவை அந்த வாரமே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கவுண்டரில் இருந்தவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார் கோளாறு?"

"கோளாறு ஒண்ணும் இல்ல."

"அப்புறம் ஏன் திருப்பிக் குடுக்கறீங்க?"

"வீட்டுல கேக்காம வாங்கிட்டேன்."

"அப்படி ஒரு காரணம் இதுல இல்லையே சார்" என்று கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். உடைந்திருந்தது, நிறம் பிடிக்கவில்லை, வேறு பொருள் வந்தது, இதர. கடைசியில் 'இதர'வில் போட்டார். நம் இத்தனை வருஷக் குடித்தனம் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது.

வீட்டைச் சரியான விலைக்குத்தான் விற்றேன். உன்னைக் கேட்காமல் விற்றேன். இரண்டையும் சேர்த்து எழுதினால் முதலாவது இரண்டாவதை விழுங்கிவிடுகிறது. அதனால் இரண்டாவதை மட்டும் படித்துக்கொள்.

திரும்பி வா என்று இதில் கேட்கவில்லை. கேட்பது வேறு. உன் கேமராவை நீ எப்படிப் பிடிக்கிறாய், எறும்பு எப்படி வருகிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. மே முதல் ஞாயிறு அங்கே வரட்டுமா? வேண்டாம் என்றாலும் எழுது. உன் கையெழுத்து வந்தால் போதும்.

அன்புடன்,
ஆபீசர்


ஏப்ரல் 29

அன்புள்ள ஆபீசருக்கு,

மாதிரிப் படங்களில் எட்டு தேறின. ஒன்று மங்கல். இன்னொன்றில் தும்பி பறந்துவிட்டது. அது உட்கார்ந்திருந்த இலை மட்டும் மிக அழகாக வந்திருக்கிறது. புத்தகம் எனக்குத்தான். பதிப்பாசிரியர் அம்மா போனில், "டீச்சர், எறும்பு என்னையே முறைச்சுப் பாக்குது!" என்று கத்தினார்.

வேலை மழைக்காலம் முடியும்வரை இருக்கும். அதன் பிறகும் இந்த அறையை நான் காலி செய்யப் போவதில்லை. இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

ஆமாம், வாருங்கள். கேட்டீர்கள் அல்லவா?

ஆனால் ஞாயிறு வந்தால் போதாது, சனி மாலையே வர வேண்டும். விடியற்காலையில் தும்பியின் இறக்கையில் பனி இருக்கும். அது காயும்வரை அசையாது. அதற்குள் குளத்தங்கரையில் இருக்க வேண்டும். வெளிச்சம் ஒரே பக்கமாக விழுவதால், எதிர்ப்பக்கம் அதைத் திருப்பிவிட வெள்ளை அட்டை ஒன்றைப் பிடிக்க ஆள் தேவைப்படுகிறது. பிடிப்பீர்களா? எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று நான் கையால் காட்டுவேன். வாயைத் திறக்கக் கூடாது, பறந்துவிடும்.

வருவதற்கு மட்டும் டிக்கெட் எடுங்கள். என்றைக்குக் கிளம்புவது என்பதை இங்கே வந்த பிறகு இருவருமாகப் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
டீச்சர்