பூசை என்று எழுதிவிட்டேன்

3 செப்டம்பர் 2024, செவ்வாய்

அக்கா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கம்போங் மேடானில் நமக்கும் ஓர் ஆலயம்! டயர் கடைக்கு மேல்மாடி அறைதான், இருந்தாலும் ஆலயம். இதுவரை இரண்டு பஸ் மாறிப் பங்குக் கோயிலுக்குப் போனோம். நடக்க முடியாதவர்கள் போகவே இல்லை. கடைக்காரர் திருச்செல்வம் அங்கிளை விடாமல் கேட்டு இன்னாசி ஃபாதர் இடம் வாங்கிவிட்டார். அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரே தரை கழுவினார். வழுக்கி உட்கார்ந்துவிட்டு, "தரைய ஆசீர்வதிச்சிட்டேன் லா" என்றார்.

நோட்டீஸ் எழுதுவது என் வேலை. ஃபாதர் பினாங்கில் இங்கிலீஷில் படித்தவர். தமிழை ரூமியில், அதாவது இங்கிலீஷ் எழுத்தில் எழுதினால்தான் வாசிப்பார். "திருப்பலின்னு போடும்மா" என்றார். பிளாட்டில் யாருக்குப் புரியும்? வீட்டில் சொல்கிறபடியே எழுதினேன்: ஞாயிறு காலை 9 மணிக்குப் பூசை. அனைவரும் வருக.

8 செப்டம்பர், ஞாயிறு

மூன்றாம் மாடி பவுனம்மாள் ஆன்டி தேங்காய் பழத்தட்டோடு வந்தார். பின்னால் ஏழெட்டு ஆன்டிகள், கற்பூரத்தோடு.

"எந்தச் சாமிக்குப் பூசை ஐயா?"

ஃபாதர் அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்தார். முடிந்ததும் பிரசாதத்துக்குக் கை நீட்டி நின்றார்கள். ஃபாதர் ஓடிப்போய் பிஸ்கட் வாங்கி வந்தார்.

சிரிப்பெல்லாம் மத்தியானம் வரைதான். திருச்செல்வம் அங்கிள் நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு வந்தார்.

"பூசைன்னு போட்டு எங்க ஆளுங்கள ஏமாத்துறீங்களா? மதம் மாத்துற வேலையா? அடுத்த ஞாயிறுக்குள்ள சாவிய குடுத்துடுங்க ஃபாதர்."

"என் நோட்டீஸ், என் தப்பு அண்ணே" என்றார் ஃபாதர். அங்கிள் சொல்லும் வரை அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது.

நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

9 செப்டம்பர், திங்கள்

பயமா இருக்கு. அங்கிள் கண்ணில் படாமல் பின்பக்கமாகச் சுற்றிப் பள்ளிக்குப் போனேன்.

11 செப்டம்பர், புதன்

பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் என் தப்பைச் சொல்லிவிட்டேன்.

"ஏமாத்தணும்னு எழுதினியா?"

"இல்ல ஃபாதர். புரியட்டும்னுதான்."

"அப்ப பாவமே இல்ல. போய்ச் சாப்பிடு."

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை ஃபாதர் யாரிடமும் சொல்லக் கூடாது. அறையே போனாலும் கூடாது. ஐயோ, நானே அவர் வாயைப் பூட்டிட்டேனா? அப்போ யார் சொல்றது — நான்தானே?

13 செப்டம்பர், வெள்ளி

பள்ளி விட்டு டயர் கடைக்குப் போனேன்.

"அங்கிள், ஃபாதர் திருப்பலின்னுதான் சொன்னாரு. நான்தான் மாத்தி எழுதிட்டேன். எங்க வீட்ல பூசைன்னுதான் சொல்வோம்."

"நீங்க? பூசைன்னு?"

"ஆமா அங்கிள். காலைப் பூசை, கல்லறைப் பூசை, எல்லாம்."

"அந்த மனுசன் படிச்சுப் பார்க்கலயா?"

"அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது அங்கிள்."

அங்கிள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. இருமலா, சிரிப்பா? "சரி, வீட்டுக்குப் போ" என்றார். சாவியைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

15 செப்டம்பர், ஞாயிறு

"மேல ரொம்ப பானாஸ் லா ஃபாதர், மனுசன் வெந்துடுவான்" என்று காலையிலேயே ஏணியும் காற்றாடியுமாக வந்துவிட்டார் அங்கிள். மாட்டி முடிப்பதற்குள் பூசை தொடங்கிவிட்டது. ஃபாதர் அப்பத்தை உயர்த்தியபோது நாங்கள் எல்லோரும் முழந்தாளிட்டோம். அங்கிள் மட்டும் ஏணி உச்சியில், ஸ்க்ரூடிரைவரோடு கைகூப்பி நின்றார். இறங்கலாமா என்று கண்ணாலேயே என்னைக் கேட்டார்.

இன்னும் இல்லை என்று தலையாட்டினேன்.