பாலத்துக்கு அங்கிட்டு வேற சட்டம்

ஜனவரி 6, 2025. திங்கள்

பதினான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். சோமநாதர் கோயில், டையூ தீவு, துவாரகை. வழக்கமாக மதுரை, வேளாங்கண்ணி என்றுதான் ஆட்களைக் கூட்டிப்போவேன். வெளிமாநிலத்துக்கு நானே பொறுப்பேற்றுப் போவது இதுதான் முதல் தடவை. கத்தாரிலிருந்து வீட்டுக்காரர் போனில், "குஜராத்து என்ன பக்கத்துல இருக்குற குடுமியான்மலையா பிரகதி? அங்க ஏதாச்சும்னா யாரு வருவா?" என்றார். "நான் இருக்கேன்ல" என்றேன். போனை வைத்த பிறகு பெயர்ப் பட்டியலை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தேன்.

ஜனவரி 13

ஊரே போகிக்கு வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறது. நான் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். வழியில் எந்த மாநிலத்தில் என்ன சட்டம் என்று எழுதி முடித்தேன். மது விஷயத்தில்தான் தலை சுற்றுகிறது. நம் ஊரில் அரசாங்கமே கடை வைத்து விற்கிறது. மகாராஷ்டிராவில் குடிக்கவே பர்மிட் வேண்டுமாம். குஜராத்தில் மதுவிலக்கு, பாட்டில் வைத்திருந்தாலே வழக்கு, வண்டியையும் பிடித்துக்கொள்வார்கள். டையூ தனி யூனியன் பிரதேசம், ஒரு பாலம் தாண்டினால் குஜராத்; அங்கே கடை திறந்தே கிடக்கிறது! வண்டி நாகராசு அண்ணனுடையது. ஓட்டுவதும் அவரே, பிழைப்புக்கு அது ஒன்றுதான்.

ஜனவரி 18

எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சட்டத்தை வாசித்தேன். திருமயம் பக்கத்திலிருந்து வரும் கணபதி அண்ணன், ஓய்வு பெற்ற என்ஜினியர், சிரித்துவிட்டார். "கோயிலுக்குப் போற வண்டியில சாராயச் சட்டம் எதுக்கும்மா?" எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவி ராஜேஸ்வரி ஆச்சி மட்டும் சிரிக்கவில்லை.

ஜனவரி 24

சோமநாதர் தரிசனம். கடல் சத்தம் காதிலேயே நிற்கிறது. வழியில் நாங்களே வைத்த சாம்பாரைக் குறை சொன்னவர்கள் இருவர்தான்.

ஜனவரி 25. சனி

இன்று நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

மதியம் டையூவைவிட்டுக் கிளம்பும்போது, லாட்ஜ் வாசலிலேயே வண்டியை நிறுத்தச் சொன்னேன். "யாருகிட்டயாவது பாட்டில் இருந்தா இங்கயே எடுத்து வச்சிருங்க. நான் யாரு பையையும் தொறக்க மாட்டேன்." ஆளாளுக்குப் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். "மாட்டுனா வண்டி போயிரும். நாகராசு அண்ணன் தெருவுல நிக்கணும்."

ஆச்சி குனிந்து, காலடியில் இருந்த பையை எடுத்து என் முன்னால் வைத்தார். வேட்டியில் சுற்றி மூன்று பாட்டில்.

கணபதி அண்ணன் எழுந்தேவிட்டார். "ரசீது இருக்கு! சட்டப்படி வாங்குனது!"

"இங்க சட்டப்படிதாண்ணே. பாலத்துக்கு அங்கிட்டு வேற சட்டம்."

"கெழடு கட்டைகளை எவன் சோதிக்கப் போறான்?"

"சோதிக்கலன்னாலும் நான் ஏத்த மாட்டேன்."

இறங்கி டாக்சி பிடித்துக்கொள்கிறேன் என்றார். பெரிய மனுசரை நடுவழியில் இறக்கிவிட்டாள் என்று ஊரில் பேசினால் அடுத்து என் வண்டியில் யார் ஏறுவார்? ஆனாலும் சொன்னேன்: "சரிண்ணே. ஒங்க சாமானை எறக்கித் தாரேன். ஆச்சி வாராகளான்னு கேட்டுக்கங்க."

ஆச்சி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நான் துவாரகைக்கு வந்தேன். போறேன்" என்றார்.

அண்ணன் பாட்டில்களோடு இறங்கிப் போனார். கால் மணி நேரம். வரமாட்டார் என்றே நினைத்தேன். வெறுங்கையோடு வந்தார். லாட்ஜ் மேனேஜரிடம் கொடுத்துவிட்டாராம். யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தார்.

எல்லைச் சாவடியில் எங்களுக்கு முன்னால் ஒரு வெளிமாநில வண்டி. டிக்கியிலிருந்து எடுத்த பாட்டில்கள் தரையில் வரிசையாக இருந்தன. டிரைவரை இருவர் பிடித்து நடத்திப்போனார்கள். கூட வந்த பெண் கைக்குழந்தையோடு வெயிலில் நின்றாள். எங்கள் வண்டியில் சமையலுக்கு வைத்திருந்த அரிசி மூட்டையைக்கூட விடவில்லை. குத்திப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். சாவடி தாண்டி ஒரு கிலோமீட்டர் போனதும் நாகராசு அண்ணன் ஓரங்கட்டி, இறங்கி முகம் கழுவினார். "தங்கச்சி" என்றார். தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

பெருமையாக இருக்கிறது. இதை எழுதலாமா? யார் படிக்கப்போகிறார்கள் — எழுதுகிறேன். பெருமையாக இருக்கிறது.

ஜனவரி 27. துவாரகை

காலையில் கணபதி அண்ணனால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. வேர்த்துக் கொட்டுகிறது, கை ஆடுகிறது. ஆச்சிதான் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: பதினைந்து வருசமாகத் தினமும் சாயங்காலம் குடிக்கிறாராம். வெளியே யாருக்கும் தெரியாது. சோமநாதருக்கு முந்தின ராத்திரி ஒன்றை எப்படியோ தாங்கிவிட்டு டையூவில் குடித்தாராம், இப்போது சேர்ந்தாற்போல இரண்டு ராத்திரி ஆகிவிட்டது.

ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். குடியைத் திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகுமாம். நல்ல வேளை, சீக்கிரமே வந்தோம் என்றார். ஊசி, மாத்திரை, ஒரு நாள் படுக்கை. வெளிமாநிலத்தார் அடையாள அட்டை காட்டினால் குடிக்கத் தற்காலிக பர்மிட் வாங்கலாம் என்பதும் என் நோட்டில் இருந்தது. அதையும் அண்ணனிடம் சொன்னேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "எல்லார்கிட்டயும் என்னன்னு சொன்ன?" என்றார். "சுகரு ஏறிருச்சுன்னு சொன்னேண்ணே." கண்ணை மூடிக்கொண்டார்.

சட்டத்தை எல்லாம் எழுதினேனே, பட்டியல் போடும்போது ஒவ்வொருவரிடமும் உடம்புக்கு என்ன என்று கேட்டேனா? இல்லையே. அது என் தப்புதான்.

ஜனவரி 29

கணபதி அண்ணன் ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டு போய்த் துவாரகாநாதரைப் பார்த்துவிட்டு வந்தார். மெதுவாகத்தான் நடந்தார்.

பிப்ரவரி 4

பதினான்கு பேரும் வீடு சேர்ந்தாயிற்று. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்க கேம்ப்ல எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்" என்றார்.

மார்ச் 11

ராஜேஸ்வரி ஆச்சி போன். குடியை விடப் புதுக்கோட்டையில் டாக்டரைப் பார்க்கிறார்களாம். நடுவில் ஒருநாள் குடித்துவிட்டார், மறுபடியும் வைத்தியத்தைத் தொடங்கியிருக்கிறார் என்றார். மறைக்காமல் சொன்னாரே.

மே 17. சனி

காலையில் தெரியாத நம்பர். "அக்கா, நான் ஆலங்குடி வேன் டிரைவர். காரைக்கால்ல நிக்கிறேன். ஆளுக்கு ரெண்டு பாட்டில் ஏத்தலாம், ஒண்ணும் ஆகாதுங்குறாங்க. சட்டம் சொல்ற அக்காகிட்ட கேட்டுக்கன்னு ஸ்டாண்டுல சொன்னாங்க. நீங்கதானே?"

"நான்தான்யா. தமிழ்நாட்டுக்குள்ள கொண்டு வரக் கூடாது. எறக்கச் சொல்லு."

"நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாங்கக்கா. ஸ்பீக்கர்ல போடவா?"

போடச் சொன்னேன். முகம் தெரியாத ஒரு வண்டி ஆட்களுக்கு, அறந்தாங்கியில் என் அடுப்படியில் நின்றபடி சொன்னேன். வாங்கியது குற்றமில்லை, எல்லை தாண்டினால் குற்றம், போவது டிரைவரின் பிழைப்பு. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், "அதான் அக்கா சொல்லுதுல்ல, எறக்குங்கய்யா!" அடுத்து கதவு திறக்கும் சத்தம்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. வழியட்டும்.