மூன்று முறை மிதித்தீர்கள்

இன்று காலை தொழிற்சாலையில் ஒரு சர்க்யூட் போர்டு கருகியது. பிளாஸ்டிக் எரிந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும், கையிலிருந்த மீட்டரை வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். என்னவென்று சூப்பர்வைசர் கேட்டார். உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பிரிக்பீல்ட்ஸில் உங்கள் தங்கை வீட்டில் மதியச் சாப்பாடு. கிள்ளானிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம் என்றேன். "மோட்டர் இருக்கறப்ப எதுக்குலா ரயிலு?" என்றீர்கள். பைக்கின் ஸ்டார்ட்டரை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பத்து நாள் முன்புதான் பட்டறையில் புது பேட்டரி போட்டிருந்தோம். "பழைய பேட்டரிய தள்ளிவிட்டுட்டான்" என்று கத்தினீர்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாள் முழுக்க போர்டுகளைச் சோதிப்பதுதானே என் பிழைப்பு. "பேட்டரி மேல தப்பில்ல. ஓடறப்ப அதுக்கு கரண்ட் ஏறல போல. நான் பாக்கறேன்" என்று மாடிக்குப் போய் மீட்டரை எடுத்து வந்தேன். சிரித்தீர்கள். இருபத்திரண்டு வருடமாக நம் வீட்டில் மிக்சியோ காற்றாடியோ, எது நின்றாலும் நான்தான் திறந்து பார்ப்பேன். நீங்கள் டார்ச் பிடிப்பீர்கள். அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லவும் செய்வீர்கள்.

இன்ஜின் ஓடினால்தான் அளக்க முடியும். "மிதிங்க" என்றேன். ஏழெட்டு உதைக்குப் பிறகுதான் வண்டி கிளம்பியது. எவ்வளவு முறுக்கியும் பேட்டரியில் வைத்த மீட்டர் பன்னிரண்டு வோல்ட்டைத் தாண்டவில்லை. பதினான்கை நெருங்கியிருக்க வேண்டும். நான் சொன்னது சரிதான். அணைத்துவிட்டுப் பக்க மூடியைக் கழற்றினேன். "இன்னொரு தடவை." மிதித்தீர்கள். இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் காயிலிலிருந்து அது ஒழுங்காகவே வந்தது. அப்படியானால் கோளாறு காயிலுக்கும் பேட்டரிக்கும் நடுவில். சந்தேகம் தீர மூன்றாம் முறையும் மிதிக்கச் சொன்னேன். உங்கள் நெற்றியில் வேர்வை ஊற்றியது. "வெயிலு" என்றீர்கள். அப்போது வெயிலே ஏறவில்லை.

பிறகு வண்டிக்குப் பக்கத்திலிருந்த தூண் ஓரமாகப் போய் உட்கார்ந்தீர்கள். நான் முதுகைக் காட்டிக் குந்தியபடி வயரைத் தடவிக்கொண்டே போனேன். பேசிக்கொண்டும் இருந்தேன். பேட்டரிக்குப் போகும் கரண்டைச் சீராக்கும் ரெகுலேட்டரில் செருகியிருந்த பிளக்கை இழுத்ததும் கருகல் வாசம். உள்ளே ஒரு பின் உருகிக் கறுத்துப் போயிருந்தது.

"கெடைச்சிருச்சுங்க! இங்க வந்து பாருங்க!"

திரும்பினேன். உங்கள் தலை தூணில் சாய்ந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. தோளைத் தொட்டேன், சரிந்தீர்கள். ஆம்புலன்ஸில் வந்தவர் என் விரல்களில் இருந்த கரியைப் பார்த்து, "தீக்காயமா அக்கா?" என்று கேட்டார். 

"இது இன்னிக்கு வந்ததில்ல. கொஞ்ச நாளாவே வலி இருந்திருக்கும். உங்ககிட்ட சொல்லலியா?" என்றார் டாக்டர்.

சொன்னீர்கள். நெஞ்சில் காற்று பிடித்திருக்கிறது என்றீர்கள். நான் ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

நீங்கள் போய் ஒரு மாதம் கழித்துக் கீழ்வீட்டு அங்கிள் வந்தார். அன்று வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாராம். இத்தனை நாள் சொல்ல வாய் வரவில்லையாம்.

"ஒரு கை நெஞ்சுல இருந்திச்சும்மா. என்னாச்சுன்னு கேக்கக் கிட்ட போனேன். வாயில வெரல வச்சுக் காட்டினாரு. 'கோளாற நெருங்கிட்டா அங்கிள், கலைக்காதீங்க'ன்னு கிசுகிசுத்தாரு. சிரிச்சிட்டுதாம்மா சொன்னாரு. நானும் உள்ள போயிட்டேன்."

அவர் அழுதார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிளக்கை நானே மாற்றினேன். இப்போது தொட்டாலே வண்டி கிளம்புகிறது. அதில்தான் வேலைக்குப் போகிறேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் ஹெல்மெட்டுக்குள் உங்களைத் திட்டுகிறேன். ஒரு சத்தம் போட்டிருக்கலாமே. நான் இரண்டடி தூரத்தில்தானே இருந்தேன். திட்டி முடித்தால், என் வேலை கலையக் கூடாதென்று அந்த வலியிலும் வாய் மூடியிருந்த மனிதர் நீங்கள் ஒருவர்தான் என்பது மிஞ்சுகிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இறக்கி வைக்கவும் மனம் வரவில்லை.