நாகலூர் பஸ்ஸுக்குப் போனவர்கள்

சனிக்கிழமை, இரவு.

இன்று ஜெயித்தோம். பார்க்கத்தான் ஆளில்லை.

கடைசிக் கட்டத்தில் எங்கள் கல்லூரி பின்தங்கியிருந்தது. கூடைப்பந்து மைதானத்துப் படிகளில் இருந்தவர்கள் நாகலூர் பஸ்ஸைப் பிடிக்க எழுந்துவிட்டார்கள். எனக்கு முன்பு கோச்சாக இருந்த பெரிய சார் காலத்தில், இதே ஆட்கள் பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டம் முடிந்தபின் நடந்தே ஊர் போவார்களாம். அவருக்கும் முந்தையவர் காலத்தில் பஸ்ஸே காத்து நிற்குமாம்.

"பெரிய சார் இருந்தா இப்படி ஆவுமாங்க?" என் காதுபடவே ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் பையன்கள் விழித்துக்கொண்டார்கள். ஒரே பாயிண்டில் ஜெயித்தோம். கைதட்டியது வாட்ச்மேன் மட்டும்.

திரும்பும் வழியில் டீக்கடைக்காரர் கேட்டார்.

"ஏனுங்க சார், இன்னைக்கும் போச்சாமுங்களே?"

"இல்லீங்க, ஜெயிச்சுட்டோம்."

அவர் முகம் மலர்ந்தது. "அதானே பார்த்தேன்! பெரிய சார் பழக்குன பசங்களாச்சே, உடுவானுங்களா?"

இந்தப் பையன்கள் எல்லோரும் பெரிய சார் ஓய்வு பெற்ற பிறகு, நான் ஊர் ஊராக அலைந்து பிடித்து வந்தவர்கள். ஒருவன்கூட அவரை நேரில் பார்த்ததில்லை.

வாய் என்னவோ "ஆமாங்க" என்றுதான் சொன்னது.